கோவூரனை வெட்டினால் யாரை வெட்டியதாகும்?

நலம் பெருகுக. மூவாற்றுச் செந்நிலை நாட்டு அரசியாரின் ஆணையேந்தும் மகாமந்திரி நன்னாகனார், வடகோட்டைத் தண்டநாயகர் அதிராசனார்க்கு விடுத்த ஓலை. உம் களஞ்சியம் நிறைக. உம் வீரர் புண் ஆறுக.

தம்பியைப் போரில் இழந்த உம் துயரம் மந்திரி அறிவார். பகைவனுக்குக் கோட்டை வாயிலைத் திறந்துவிட்டவன் கோவூரன்தான். காவலர் கண்டது, மறுபேச்சில்லை. தப்பியோடுகையில் குதிரை தள்ளித் தலை பாறையில் மோதியது. பிழைத்தெழுந்தவனுக்குத் தன் பேரே தெரியவில்லை. நடிக்கிறான் என்று எழுதியிருந்தீர். மந்திரியும் முதலில் அப்படித்தான் நினைத்தார்.

தன் குற்றத்தைத் தன் வாயால் சொல்லாதவன்மேல் வாள் இறங்கலாகாது என்பது நம் வழக்கம். தலை கொய்ய நீர் அனுப்பிய வாளாள் காத்திருக்கிறானே என்ற அவசரத்தில் சிறைத்தலைவன் நக்கன், பிசகாமல் சொன்னால் விட்டுவிடுவோம் என்று ஆசை காட்டி, கோவூரனைக் குற்றத்தை உருப்போட வைத்துவிட்டான்.

கொலைக்களத்தில், "கோவூரனாகிய நான்" என்று தொடங்கி அவனும் மடமடவென்று ஒப்பித்தான். முதுகுக்குப் பின்னே வாள் ஓங்கியதை அவன் காணவில்லை. மந்திரியை ஏறிட்டுப் பார்த்து, "பாவிப்பய, இத்தனை பேரைக் கொன்னுட்டானே. ஆளைப் பிடிச்சாச்சாங்கய்யா?" என்றான்.

மந்திரி கை உயர்த்தினார். வாள் நின்றது.

நடிப்பென்று நக்கன் சாதித்தான். கோவூரன் மனைவி உலோச்சியை அழைத்து மந்திரி விசாரித்தார். "என்னையே யாரம்மா நீன்னு கேக்குறாரு. எனக்குப் புருஷனா இல்லாத ஆளு, உங்களுக்கு மட்டும் எப்படிங்கய்யா குத்தவாளி?" என்றாள் அவள். மந்திரி வழக்கை அவைமுன் வைத்தார்.

வாயிலைத் திறந்த கை அதே கை, அது போதும் என்றனர் அவையில் பாதிப் பேர். திறக்க நினைத்த மனம் போனபின் கையை வெட்டி என்ன பயன் என்றனர் மற்றவர். ஒருவன் மனத்துக்குள் இன்னொருவன் எட்டிப் பார்க்க வழியில்லை. உம் துயரத்தைக்கூட உம் எழுத்தைக் கொண்டுதானே மந்திரி நம்பினார்?

ஆகவே ஆணை: கோவூரன் காவலில் இருப்பான், சாகமாட்டான். நினைவு திரும்பி, சொந்தச் சொல்லால் குற்றத்தைச் சொல்வானாயின் வழக்கப்படி நடக்கும். வாளாளைத் திருப்பி அனுப்பியாயிற்று. அவனைப் பறிக்கப் படை கிளப்பினால் அது அரசியார்மேல் கிளப்பிய படை.

தனியே வாரும், தடையில்லை. உம் தம்பி மாண்ட கதையை அவனிடமே சொல்லும். அவன் உம்மோடு உட்கார்ந்து அழுவான். அதன்பின்னும் அந்தக் கழுத்து வேண்டுமாயின், அது யாருடைய கழுத்தென்று எழுதிக் கையொப்பமிடும். அரசியார் படிப்பார்.

புலி முத்திரை இடப்பட்டது. இவ்வாணை நிற்க.