அவள் பதில் சொல்லாத கேள்வி

நகிவாலே முகாம்,
உகாண்டா.

அன்பு மச்சான் டிடாசுக்கு,

உன் அக்காள் ஜெனெரோஸின் கணவன் ஸவேரி எழுதுவது. இங்கே மூவரும் நலம். கனடாக் குளிர் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும். மழை ஏமாற்றவில்லை, வீட்டுக்குப் பின்னால் போட்ட பீன்ஸ் நன்றாகக் காய்த்திருக்கிறது. மகள் உகாண்டாப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்கள் பாஷையிலேயே என்னைத் திட்டுகிறாள். தொலைபேசியில் சொன்னால் குறுக்கே விழுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் எங்கள் அகதி மனு விசாரணைக்கு வந்தது. மனு உன் அக்காளுடையது. பக்கத்து வீட்டு ஆண்களை இழுத்துப் போனவர்களைப் பார்த்த சாட்சி அவள்தானே? ஊரில் அவர்கள் தேடியதும் அவளைத்தான். நானும் பிள்ளையும் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். என்னிடம் பெயரையும் வயதையும் கேட்டுவிட்டு வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே நடந்ததெல்லாம் திரும்பும் வழியில் அவள் சொன்னது.

விசாரித்த அதிகாரியம்மா பொறுமையானவராம். இழுத்துப் போனபின் அந்த ஆண்களைச் சுட்டதைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, “சத்தம்தாம்மா கேட்டேன், கட்டிலுக்கு அடியில கெடந்தேன்” என்றிருக்கிறாள். பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் மனு பலமாகியிருக்கும் என்று முகாமில் ஆளாளுக்குப் புலம்புகிறார்கள். பிறகு கூடப்பிறந்தவர்களைப் பற்றிய கேள்வி. அண்ணன் இறந்ததைச் சொன்னாள். தம்பி உயிரோடு இருக்கிறானா என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

காரணம் உனக்குத் தெரியும், மச்சான். குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று நீ அங்கே உன் அகதி மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். உன் கணக்குப்படி நான் பிணத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். அந்தப் பிணம் விடிந்ததும் என்னை விறகு பொறுக்க விரட்டுகிறது. நீ இருக்கிறாய் என்று அவள் சொன்னால், முடிவாகாத உன் மனு கவிழ்ந்துவிடலாம். இல்லை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

“அது ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேம்மா. பொய்யும் சொல்ல மாட்டேன். மறைக்கிறாள்னு என் மேலயே எழுதிக்கோங்க” என்றாளாம். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “மத்ததெல்லாம் ஒளிக்காம சொன்னீங்க. ஆனா ஒரு கேள்வி காலியா நின்னா, மேல இருக்கறவங்க மொத்தத்தையும் சந்தேகப்படுவாங்க. யோசிச்சுட்டு அடுத்த மாசம் வாங்க” என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கும் பதில் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். பிறகு ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துக் குடிசை மார்செலின், “செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா பல்லா கொட்டிடும்?” என்று ஏசினாள். உன் அக்காள் பீன்ஸ் உரித்துக்கொண்டே, “தெனமும் அவனுக்கு ஆயுசு கேட்டு ஜெபமாலை சொல்ற வாய் இது. இதே வாயால அவனப் புதைக்கச் சொல்றியா?” என்றாள். உன்மேல் கோபமில்லையா என்று நான் கேட்டேன். “பயந்த புள்ள, பயத்துல சொல்லிட்டான், விடுங்க” என்று முடித்துவிட்டாள். மச்சான், இப்படி ஒருத்தியோடுதான் இத்தனை காலம் அடுப்புக்கும் விறகுக்கும் சண்டை போட்டிருக்கிறேன். பெருமையில் மறுநாள் அவள் விரட்டும் முன்பே விறகுக்குக் கிளம்பிவிட்டேன்.

உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது அவள் கட்டளை. அதனால் கேட்கவில்லை, தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். யாரும் கண்டுபிடிக்கும் முன் ஒருவன் தானே போய் வக்கீலிடம் உண்மையைச் சொன்னால், அவனைக் காப்பாற்ற வழி தேடலாம் என்று இங்குள்ள சட்ட உதவிக்காரர் சொன்னார். உறுதி கொடுக்க முடியாது என்றும் சொன்னார். நீ சொல்லாவிட்டாலும் அவள் அடுத்த மாதம் போய் அதே நாற்காலியில் வாயை மூடிக்கொண்டுதான் உட்காருவாள்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உன் அக்காளுக்கு நீ கொடு.

இப்படிக்கு,
உன் அக்காளோடு வாழும் பாக்கியம் பெற்ற
ஸவேரி