பச்சைப் புள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முட்டிவலி தேவலையா? எங்கள் கம்பெனியின் ஆன்லைன் சண்டை கேம்தான் இந்த வருஷம் நாட்டிலேயே முதலிடம். மற்ற கம்பெனிகளின் ஆட்டக்காரர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள், எங்களுக்கு மட்டும் குறையவே இல்லை. மேனேஜர் கேக் வெட்டி எனக்குத்தான் முதல் துண்டு கொடுத்தார். அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏன் குறையவில்லை தெரியுமா? திட்டு, ஆனால் கடைசிவரை படி. யாராவது ஆடுவதை நிறுத்தினால், ஒரு வாரம் கழித்து அவர்கள் பெயரில் கம்ப்யூட்டரே ஆடும். களம் காலியாகத் தெரியக் கூடாதே! யோசனை என்னுடையது.

உன் மகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதம். "உங்க கேம்ல அவ பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதுடா. இன்னைக்கும் ஜெயிச்சிட்டா. எங்கயோ நல்லாத்தான் இருக்கா" என்று தினமும் போன் செய்கிறாய். அதைக் காட்டித்தான் போலீஸிடமும் தேட வேண்டாம் என்றாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இன்றைக்குத்தான் அவள் கணக்கைத் திறந்து பார்க்கத் துணிந்தேன். அவள் கடைசியாக ஆடியது, வீட்டைவிட்டுப் போன அன்று சாயங்காலம். அதற்குப் பிறகு ஜெயித்ததெல்லாம் கம்ப்யூட்டர்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை. வாட்ச்மேனிடம் இதைக் கொடுத்துவிட்டுக் கீழே காரில் காத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போகலாம், வா. புள்ளி இப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்க்காதே.

உன் தம்பி