வசந்திக்கும் குத்தியாயிற்று

1959 மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். லீலாவோடு சர்க்கார் ஆஸ்பத்திரி. அவள் என் ஓரகத்தி. கொழுந்தனார் போன வருஷமே லண்டன். பதினைந்தாம் தேதி இவளுக்கும் பாபுவுக்கும் பம்பாய் ரயில், அங்கிருந்து கப்பல். அவளுக்குக் காலரா ஊசி, ஒன்றரை வயது பாபுவுக்கு அம்மை குத்தல். குத்தின இடம் கொப்புளித்துப் பிடித்திருக்கிறதா என்று அடுத்த புதன் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் குழந்தையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்களாம்.

அதற்கென்று ஆளுக்கொரு மஞ்சள் புத்தகம். லீலாவுடையதன் மேலே இங்கிலீஷில் அவள் பெயர், டைப் அடித்தது. என் வசந்திக்குக்கூட விரித்துக் காட்டினாள். என் பெயர் ரேஷன் கார்டில் மட்டும், அதுவும் இவர் பெயருக்குக் கீழே.

வசந்தியையும் வரிசையில் நிறுத்தினேன். கைக்குழந்தையில் குத்தியது பிடிக்கவில்லை. நாலு வருஷமாகத் தோன்றாதது இன்று தோன்றியது. அவள் பிள்ளைக்கு உண்டென்றால் என் பெண்ணுக்கும் உண்டு. அழ ஆரம்பித்தாள். "குத்திக்கிட்டாத்தான்டி கப்பல்ல ஏத்துவாங்க" என்றேன். உடனே கையை நீட்டிவிட்டாள். ஊசியை வைத்துத் திருகும்போதுகூடச் சத்தமில்லை.

மா. 5, வியாழன்

மண்ணெண்ணெய். உளுந்து. வசந்திக்குச் சிவப்பு ரிப்பன்.

லீலாவின் கம்பளிக் கோட்டு தைத்து வந்தது, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலிருந்து. போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றாள். "நல்லா இருக்காக்கா?"

"தோள் கொஞ்சம் தொங்குது."

தொங்கவில்லை. கச்சிதமாக இருந்தது. வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

மா. 8, ஞாயிறு

வசந்திக்கு ஜுரம். குத்திய இடத்தில் பெரிய கொப்புளம், சுற்றிலும் சிவப்பு. பாபுவுக்குச் சின்னது, சிரித்துக்கொண்டு திரிகிறான். அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். தாளிப்பு நிறுத்தம்.

"ஊசியில வந்தாலும் அம்மா அம்மாதான். தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் பயணம் போவக் கூடாது. பாபு படி தாண்டக் கூடாது."

லீலா: "புதங்கிழமை டாக்டர்கிட்ட காட்டணும் அத்தே. இல்லன்னா கப்பல் போயிடும்."

"போனா போவட்டும்."

வசந்திக்குக் குத்தாமல் இருந்திருந்தால் ஜுரமும் இல்லை, வேப்பிலையும் இல்லை. எனக்குள் ஒரு குளிர்ச்சி. எழுதக் கூசுகிறது. ஆனாலும் குளிர்ச்சிதான்.

மா. 10, செவ்வாய்

குளிர்ச்சி நிற்கவில்லை. லீலா அழுதபடி இருக்கிறாள், சாப்பாடு இல்லை. வீடே அவள் பின்னால். அத்தை மோர்ச்சாதம் பிசைந்து ஊட்டுகிறார். இவர்கூட ஆபீஸிலிருந்து நுழையும்போதே "லீலா சாப்ட்டுச்சா?" அனலாகக் கிடப்பது என் பெண். அவள் தலைமாட்டில் நான் மட்டும்.

லீலா இங்கேயே இருந்தால் ஆயுசுக்கும் இப்படித்தான். போகட்டும். முதலில் போய்த் தொலையட்டும்.

மா. 11, புதன்

வசந்திக்கு ஜுரம் விட்டது. காபிக்கு முன்னாலேயே அத்தையிடம் போனேன்.

"விடியக்காலம் ஒரு கனவு அத்தே. செவப்புப் பொடவை கட்டின பொம்பளை வாசல்ல நிக்கறா. 'நான் பொண்ணுகிட்ட இருந்துக்கறேன், பையனை அனுப்பு'ங்கறா."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு கேள்வி இல்லை. கனவாவது மண்ணாவது, நான் தூங்கினால்தானே.

லீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டாக்கா." அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பாபுவை டாக்டரிடம் காட்டிவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். பிடித்திருக்கிறதாம். கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ரயில்.

சாயங்காலம் பார்த்தால் வசந்தி படுக்கையில் இல்லை. மூலையில் உட்கார்ந்து, தலையணை உறைக்குள் பாவாடையையும் ரிப்பனையும் திணித்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை மேலே தள்ளிக் கொப்புளத்தைக் காட்டினாள்.

"எனக்குத்தாம்மா பெருசா புடிச்சிருக்கு. எம்பேரு போட்ட புஸ்தகம் எங்க?"