மரத்தில் பட்ட கத்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். அம்மாவின் முட்டுவலி குறைந்ததா? அம்பூரியில் மழை விட்டு ரப்பர் வெட்டு தொடங்கியாச்சா?

கருவிழி கூம்பிப் பார்வை மங்கிய என் வலது கண்ணுக்கு இங்கே மஸ்கட்டில் ஆபரேஷன் முடிந்தது. ஃபோனில் சொன்னால் அம்மா அழுவாள் என்றுதான் எழுதுகிறேன். மலையாளி டாக்டர் முன்பே இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, கருவிழியை முழுக் கனத்துக்கும் வெட்டி, தானமாக வந்ததை வைப்பது. மற்றது, மேலடுக்கை மட்டும் மாற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை எனக்கே விட்டுவைப்பது. புதியதை உடம்பு தள்ளிவிடும் பயம் இதில் குறைவு. மரத்தில் படாமல் பட்டையை மட்டும் சீவும் உங்கள் கை நினைவுக்கு வந்தது. அதையே செய்யச் சொன்னேன்.

பாதியில் சவ்வு கிழிந்துவிட்டது. "முழுசும் மாற்றேண்டி வந்து, மோளே," என்றார் டாக்டர். அவருக்கும் வருத்தம்தான். தையல் பிரிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அடிக்கடி கண்ணைக் காட்ட வேண்டும், கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. ஊரில் வைத்தே செய்திருக்கலாம்.

அனூப் அண்ணன் லீவு முடிந்து இங்கே திரும்பி வரும்போது என் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்துவிடுங்கள்.

கத்தி மரத்தில் பட்டுவிட்டால் அந்தக் காயத்தில் உள்ளங்கையை வைத்து, "பொறுத்துக்க மக்கா" என்பீர்களே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னிடமும் ஒருதரம் சொல்லுங்கள். சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ஜினி