பழுப்புச் சீஸும் என் வலது முழங்காலும்

ஜனவரி 9
வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானமாம். நாற்பத்தாறு வயதில்! எதைச் சாப்பிட்டால் சரியாகும் என்று கேட்டேன். டாக்டர் நெஸ் சிரித்தார். "தேஞ்சதை வளர்க்கிற சாப்பாடு எதுவும் இல்லைங்க. அளவைக் குறைங்க, நடங்க. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்ல நாலு கிலோ பாரம் குறையும்."
ஆறு கிலோ குறைக்கச் சொன்னார்.

ஜனவரி 12
குன்வோர் அக்கா போன் செய்தாள். அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன மலைக்குடிலை விற்றுவிடலாம் என்கிறாள். அங்கே சாலை கிடையாது. கடைசி இரண்டு கிலோமீட்டர் பனியில் ஏற வேண்டும்.
"அந்த முழங்காலை வச்சுக்கிட்டு எப்படிடி ஏறுவே? கிரேனா வைக்க முடியும்?"
"ஏறுவேன்."
"சரி, ஈஸ்டருக்கு உன் மூட்டையை நீயே சுமந்து ஏறு. முடியலேன்னா தரகரைக் கூப்பிட்டுடுவேன்."
வருடத்தில் ஒரு வாரம், யாரும் என்னை எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான். அதையும் விற்பதா?

ஜனவரி 20
தினமும் ரொட்டிமேல் சீவிப் போட்டுத் தின்னும் எங்கள் ஊர் இனிப்புப் பழுப்புச் சீஸ் இல்லாமல் எட்டாம் நாள். ரொட்டிமேல் வெள்ளரிக்காய். துக்க வீட்டுச் சாப்பாடு போல.

பிப்ரவரி 3
நூலகத்தில் என்னுடன் வேலை செய்யும் எல்லோரும் வைத்தியர்கள். தக்காளிதான் விஷம் என்கிறான் ஊட்வார். மீனெண்ணெய் குடித்தால் மூட்டு வழுக்கிக்கொண்டு ஓடும் என்கிறாள் சீரி. வண்டிச் சக்கரமா அது? யாரோ சொன்னார்கள் என்று மஞ்சள் பாலும் காய்ச்சினேன். முழங்கால் அப்படியே இருக்கிறது. வெள்ளைச் சமையல்மேடைதான் மஞ்சளாகிவிட்டது.

மார்ச் 1
அக்கா வீடு. என் எதிரிலேயே சீஸைச் சீவிச் சீவித் தின்றாள் — வேண்டுமென்றே. எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா?" என்றேன்.
"காபி ஆறுது, குடி."

ஏப்ரல் 12
ஆறு கிலோ! குளியலறையில் ஆடினேன். முழங்காலும் சும்மா இருந்தது.

ஏப்ரல் 16
மூட்டை கட்டியாயிற்று. ஆரஞ்சு, ஆட்டுத்தொடை, சாக்லேட். விரதம் முடிக்க, பழுப்புச் சீஸ் ஒரு முழுக்கட்டி.

ஏப்ரல் 17
பாதி மலையில் முழங்கால் கூப்பாடு போட்டது. தூண்டிலில் பிடித்த மீனை நிறுக்கும் தன் கொக்கித் தராசை அக்கா எடுத்து, என் மூட்டையை அதில் மாட்டினாள்.
"பதினொண்ணு! குறைச்ச ஆறையும் முதுகுல தூக்கிட்டு வந்திருக்கே. துணைக்கு இன்னும் அஞ்சு வேற."
எனக்கு ஏன் இது தோன்றவில்லை? சதையா சீஸா என்று முழங்காலுக்கு என்ன தெரியும்?
"உட்காரு. தின்னு தீர்ப்போம், மூட்டை லேசாயிடும்."
"தின்னா எங்கேக்கா போகும்? நமக்குள்ளதானே!"
யோசித்தாள். இருவரும் பனியில் உருண்டு சிரித்தோம். பிறகு எழுந்தேன். அவளால் எழ முடியவில்லை.
இடது முழங்காலாம். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.
"உன் காலைச் சாக்கா வச்சு வித்துடலாம்னு பார்த்தேன்" என்றாள், பனியைப் பார்த்துக்கொண்டு.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கையைக் கொடுத்தேன். பாதிச் சாமானைப் பனியில் புதைத்துவிட்டு, மெதுவாக ஏறினோம்.

ஏப்ரல் 18
புதைத்த ஆட்டுத்தொடையை நரி தின்றுவிட்டது. எடை குறைய இதுவும் ஒரு வழி.

ஏப்ரல் 28
அக்கா போன்.
"காலைல என்னடி சாப்பிடறே?"
"ரொட்டி, வெள்ளரிக்காய்."
"சீஸ் துளிகூடக் கிடையாதா?"
"ஞாயித்துக்கிழமை ஒரு சீவல்."
நீண்ட பெருமூச்சு. "அந்த டாக்டர் நம்பரை அனுப்பு."
தரகர் பேச்சே வரவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு மூட்டைகளை வைத்து இழுக்க ஒரு சறுக்குவண்டி பார்த்து வைத்திருக்கிறாளாம்.