நேராக ஓடும் லாரி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் நலம். அத்தைக்கு மட்டும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

லாரியை விற்றுவிடு என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். ரோட்டில் அது இப்படியும் அப்படியும் அலைந்ததால்தானே லோடு கொடுப்பவர்கள் பயந்து நிறுத்தினார்கள், நீங்களும் எங்கேயோ போய் அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறீர்கள். வாங்க வருகிறவருக்காகக் கழுவப் போனேன். கழுவக் கழுவ மனசு கேட்கவில்லை. அத்தையை டிரைவர் சீட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, நான் அடியில் படுத்துப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். அத்தை தயிர் கடைகிற வேகத்தில் ஆட்டினார். மெதுவாக என்றால், வண்டி ஓட்டுறவ நான், நீ பாக்குற வேலையப் பாரு என்று மேலேயிருந்து அதட்டல் வேறு!

ஆனால் பலன் கிடைத்தது. சக்கரம் திரும்புவதற்கு முன்னால், ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்துகிற அந்த ஸ்டியரிங் பாக்ஸே விரற்கடை அளவு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தது. அதை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டெல்லாம் தளர்ந்து கிடந்தன. நீங்களோ பாக்ஸுக்குள்தான் கோளாறு என்று அதன் திருகை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உள்ளே உட்கார்ந்து திருப்புகிறவருக்கு அடியில் நடப்பது எப்படித் தெரியும்? எங்களைக் கூப்பிட்டால்தான் உங்கள் கௌரவம் குறைந்துவிடுமே.

மெக்கானிக் வந்து போல்ட்டெல்லாம் புதிதாகப் போட்டு இறுக்கினார். நீங்கள் முறுக்கிய திருகையும் அளவாகத் தளர்த்தினார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே ஓட்டினேன். பாலம் தாண்டியும் நூல் பிடித்த மாதிரி போனது. சந்தோஷம் தாங்காமல் ஹாரனை அழுத்தித் தெருவையே கூட்டிவிட்டேன்.

வாங்க வந்தவரும் ஓட்டிப் பார்த்தார். இறங்கியதும் முன்பணத்தை நீட்டினார். நான் சாவியைத் திருப்பி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அத்தை உள்ளே போய் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துச் சமாதானமாக அனுப்பிவைத்தார்.

செங்கல் சூளைக்காரர் மறுபடியும் லோடு தருகிறேன் என்கிறார். ஓட்ட ஆள் யார் என்று கேட்டார். வண்டிக்காரரே வருவார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். கோபம் வரும், தெரியும். அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிடாதீர்கள். நேரில் வந்து ஆசைதீரத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
திட்டு வாங்கக் காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி