தாய்மாமனுக்கு ஒரு டிக்

கிள்ளான்

அன்புள்ள மகன் ஐவனுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதைத் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி உன் தங்கச்சி ஸ்டெஃபனியிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஆப்பில் எழுதினால் இதையும் ஒரு கார்டாக்கி, தேதி போட்டு, யார் தலையிலாவது கட்டிவிடுவாய். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபமாக இருந்தால் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். அருவருப்பாக இருக்கிறது ஐவன்.

தங்கச்சி கல்யாணத்துக்காக நீ எங்கள் எல்லார் ஃபோனிலும், வேலைகளைக் கார்டு கார்டாக ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கோயிலில் கல்யாண ஓலை எழுதக் கொடுப்பது யார், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்ப் புடவை எடுப்பது யார் என்று வீட்டில் தினமும் நடந்த சண்டை நின்றது. அப்பா தண்ணீர் ஃபில்டரை மாற்றிவிட்டு டிக் போட்டதும் திரையில் கலர் காகிதம் கொட்டுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். பிறகு நீ கொஞ்சம் கொஞ்சமாக வீட்டையே அதற்குள் தள்ளினாய், அப்பாவின் பிரஷர் மாத்திரை, என் நடைப்பயிற்சி, எல்லாம். ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறேன், உன் பெயருக்குக் கீழே ‘அம்மாவுக்கு ஃபோன், ஞாயிறு, வாராவாரம்’ என்று இருக்கிறது. அதற்கு மேலே கார் இன்சூரன்ஸ், கீழே பல் டாக்டர். ஒவ்வொரு ஞாயிறும் ஒழுங்காகத்தான் டிக் போட்டிருக்கிறாய், அதில் குறை சொல்ல முடியாது. சரிம்மா வெச்சிடறேன் என்று நீ அவசரப்படுவது எதனால் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதையும் விழுங்கிக்கொண்டேன்.

விழுங்க முடியாதது மாமா விஷயம். நம் வீட்டில் பத்திரிகை அச்சாகி வந்தால் ஃபாதரிடம் மந்திரித்து வாங்கின கையோடு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான், பெற்றவர்கள் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் சர்க்கரை வைத்துக் கொடுக்க வேண்டும், அவர் இரண்டு கையாலும் தட்டை வாங்கினால்தான் அழைத்ததாகக் கணக்கு. இது உனக்குத் தெரியாததில்லை. என் அண்ணன் கேரித் தீவில் இருக்கிறார், கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா கார் ஓட்டுவதில்லை, அதனால் ‘அருளப்பன் மாமா, அழைப்பு’ என்ற கார்டை நீ கேவின் பெயரில் போட்டதும் எங்களைக் கூட்டிப் போகத்தான் போட்டிருக்கிறாய் என்று நினைத்து, உன் தம்பிக்கு எந்தச் சனிக்கிழமை லீவு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் ஷா ஆலம் ஆபீஸில் உட்கார்ந்தபடியே மாமா ஃபோனுக்கு லிங்க் ஒன்றைத் தட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று டிக் போட்டுவிட்டான். எனக்கு அது தெரியாது.

போன வாரம் தங்கமணி மாமி ஃபோனில் கூப்பிட்டார். ஏதோ லிங்கு வந்துச்சி சூசன், பேரப்பிள்ளை தொறந்து படிச்சான், எத்தனை பேரு வர்றீங்க, கோழியா சைவமா, பதினஞ்சாம் தேதிக்குள்ள சொல்லுங்கன்னு போட்டிருந்திச்சி, ஒங்க அண்ணன் கேட்டுட்டு எழுந்து உள்ள போய்ப் படுத்துட்டாரு லா என்றார். கேவினைக் கூப்பிட்டுக் கேட்டால் அவனுக்குத் தப்பு என்றே தோன்றவில்லை. டன் லாம்மா, முடிஞ்சிடிச்சி, இங்க பாருங்க என்று ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பதில் வராததால் மாமா குடும்பத்தின் இடம் காலி என்று காட்டியதாம், அதை ஸ்டெஃபனி ஆபீஸ் சிநேகிதிகளுக்கு மாற்றிவிட்டானாம், அதற்கும் ஒரு டிக், அதற்கும் கலர் காகிதம் கொட்டியிருக்கும். என் அண்ணனை மண்டபத்திலிருந்து எடுத்ததற்கு. பக்கத்தில் பார்க்கிறேன், மாமா பெயருக்கு எதிரே ‘அம்மா பக்கம், இரண்டாம் வரிசை’ என்று எழுதியிருக்கிறது. யார் எழுதியது என்று கேட்டேன், ஐவன் அண்ணன்தான் எல்லாரையும் பிரிச்சாரு என்றான். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தி நின்ற மனுஷன் ஐவன். உன் விசா இழுத்துக்கொண்டே போனபோது எஸ்டேட் லோரியில் ஏறி வந்து கோயிலில் உனக்காகப் பூசைக்குக் கொடுத்துவிட்டு, நம் வீட்டில் ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் திரும்பிப் போனவர். உன் முதலாளிக்கு எந்த வரிசை போட்டாய்?

மறுநாளே நானும் அப்பாவும் கிராப் டாக்சி பிடித்துத் தட்டோடு போனோம். அதற்கு முன்னாலேயே கேவின் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கூப்பிட்டு, ஐவன் போட்ட டாஸ்க் மாமா, நான் க்ளோஸ் பண்ணிட்டேன் என்று உளறி வைத்திருக்கிறான். அண்ணன் எங்களை உட்காரச் சொன்னார், அப்பாவின் கண்ணை விசாரித்தார், தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். தட்டை நீட்டினேன், கையைக் கட்டிக்கொண்டார். மாமிதான் வாங்கி மேசையில் வைத்தார். நீ வந்தது சரி சூசன், உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல, என்னைய ஒரு வேலையா எழுதி வெச்சவன் எங்கிட்ட பேசட்டும், பேசினப்புறம் தட்டை எடுக்கிறேன் என்றார். அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கிருப்பது ஒரே கூடப்பிறந்தவர். அவர் மாலை போட்டு முன்னால் நடக்காமல் என் மகளைக் கோயிலுக்கு அழைத்துப் போக எனக்குக் கால் வராது, ஸ்டெஃபனியும் மாமா இல்லாமல் காரை விட்டு இறங்க மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கேவின் அந்த இடங்களைத் திருப்பி வாங்கிவிட்டான், இடம் இருந்து என்ன செய்ய.

நீ மாமாவிடம் பேச வேண்டும். நீயே பேச வேண்டும், குரூப்பில் மெசேஜ் போடாதே, வீடியோவும் வேண்டாம், அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேள். விளக்கம் சொல்லாதே, வசதிக்காகப் போட்டேன் என்று மட்டும் வாயைத் திறக்காதே. கொஞ்ச நேரம் அவர் பேசாமல் இருப்பார், லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. இரண்டாம் வரிசை விஷயம் அவருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, நீயும் எந்தக் காலத்திலும் சொல்லாதே. நான் அந்த ஆப்பை என் ஃபோனிலிருந்து அழித்துவிட்டேன், அப்பாவின் மாத்திரை எனக்கே ஞாபகம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள், ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஞாயிறு பூசையை விடாதே. திட்டினாலும் நீ என் பிள்ளைதான், மாதா உன்னைக் கைவிட மாட்டார்.

இன்று காலையில் மாமியிடம் பேசினேன். தட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறதாம். தினமும் விடிந்ததும் அண்ணனே எழுந்து வந்து, வெற்றிலை வாடாமல் மேலே போட்டிருக்கும் துணியை நனைத்துப் பிழிந்து மறுபடியும் போட்டு மூடிவிட்டுப் போகிறாராம்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
சூசன் ரபேல்